சலாபமும் சபலமும்

தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், பொழுது சாய்ந்த பிறகுதான் கரை களைகட்டும். விடியலில் பாருக்கு, அதாவது கடலடியில் சிப்பி விளைகிற படுகைக்கு, போன தோணிகள் பிற்பகல் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பும். குளியாளிகள் சிப்பியை மூட்டையாகச் சுமந்துவந்து, தட்டி அடைத்த ‘கொட்டு’க்குள் மூன்று குவியலாகக் கொட்டுவார்கள். எந்த இரண்டு சர்க்காருக்கு என்று அதிகாரி கைகாட்டுவார். மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு அன்றைக்கே ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு வரும். கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அக்கரையிலிருந்து வந்த வியாபாரிகள் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். விலை ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். இத்தனைக்கும் அங்கே குவிந்து கிடக்கிற சிப்பியில் ஒன்றுகூடத் திறந்திருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. நேற்று ஒருவருக்குப் பெரிய முத்து விழுந்தது என்ற பேச்சு கடைத்தெருவில் அடிபட்டால் இன்றைக்கு விலை ஏறிவிடும். பெரிய முதலாளி ஆயிரக்கணக்கில் எடுப்பார். கையில் சில்லறை உள்ள கூலிக்காரர் நாலு சிப்பி, ஐந்து சிப்பி வாங்கி அங்கேயே குத்தவைத்துப் பிளந்து பார்ப்பார். பெரிய முதலாளிக்கு அந்த வசதி இல்லை. வாங்கிய குவியலை ஒரு வாரம், பத்து நாள் மூடிப்போட்டு அழுகவிட வேண்டும். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கடல்நீர் விட்டு அலசி அலசித் தேட வேண்டும். அந்த நாற்றம் காற்றடிக்கிற பக்கம் வெகுதூரம் போகும். வாங்கிய வேகம் ஒரு நொடி. வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்ளப் பத்து நாள்.

முத்துக் குளிப்புக்கு இந்தக் கரையின் பழைய பெயர் சலாபம். எழுத்து இடம் மாறி, ஒரு துணைக்கால் விழுந்துவிட்டால் அது சபலம். தமிழில் இது தற்செயல்தான். ஆனால் மலையில் வீடு வாங்கியவர்களின் வரலாற்றைத் தூத்துக்குடியில் இருந்துகொண்டு படிக்கிறவருக்கு இந்தத் தற்செயல் அடிக்கடி நினைவுக்கு வரும்.

கடற்கரைக்கும் மலைக்கும் இங்கே நெடுநாள் கொடுக்கல் வாங்கல் உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர் முருகன் என்றே சொல்லலாம். குறிஞ்சி நிலத்துக் கடவுளான அவருக்கு ஆறு படைவீடுகளில் ஒன்று மட்டும் அலை அடிக்கிற மணலில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் திருச்செந்தூர். இன்னொரு வீடான பழனி, கொடைக்கானலைத் தாங்கி நிற்கிற அதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில். மலைக்காரர் கடற்கரையில் வீடு வைத்துக்கொண்டார். கடற்கரைக்காரர்கள் மலையில் வீடு தேடியது அதற்கு மிகவும் பிந்திய கதை.

அதிலும் உள்ளூர்க்காரர்கள் பெரிய மலையைத் தேடவில்லை. அவர்களுக்குக் குற்றாலம் போதுமாயிருந்தது. ஜூன் மாதம் தூத்துக்குடியில் உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச, தேரி மணல் கால் பொசுக்கும். அதே நாளில் மேற்கே தென்காசிப் பக்கம், ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து சாரல் தூவும். குற்றாலத்தின் அருமையே அதுதான். மலை ஏற வேண்டாம். மலைக்காற்று இறங்கி வரும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் ஆங்கில அதிகாரிகளுக்குச் சீசன் பங்களாக்கள் எழும்பின. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு ஓர் அரண்மனை அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கே குடிபோய், ராஜாஜியும் கல்கியும் வந்து தங்குகிற வீடாக அதை ஆக்கினார். சாரலில் நனைந்துவிட்டு வந்து கம்பன் பாட்டுக் கேட்பது அந்த வீட்டு விருந்து. அவர் வாங்கியது சபலத்தில் அல்ல. வருடா வருடம் போய்ப் பழகிய ஊர் அது. குற்றாலத்தின் மேல் ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் அதன் மழையையும் வெயிலையும் தெரிந்துகொண்டே ஆசைப்பட்டார்கள்.

பார்த்த மாத்திரத்தில் மயங்கி நிலம் வளைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

அதன் தலைமகன் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த அவர் 1819 ஜனவரியில் நீலகிரி ஏறினார். குளிரையும் புல்வெளியையும் கண்டு, சுவிட்சர்லாந்துக்கு வந்துவிட்டதாகவே எண்ணினார். அந்த ஆண்டே கோத்தகிரி பக்கத்தில் திம்பட்டியில் ஒரு பங்களா. 1822இல் உதகமண்டலத்தில் கல்லால் ஒரு வீடு தொடங்கினார். ஊரார் அதைக் கல் பங்களா என்றார்கள். நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் விலையில் பிடித்தார். தோடர்களுக்கு அந்தப் புல்வெளி எருமைக்கு மேய்ச்சல். ஏக்கர் போட்டு அளந்து எழுதிக் கொடுக்கிற சரக்காக அதை அவர்கள் அதற்கு முன் நினைத்ததில்லை. ஒரு ரூபாயில் என்ன கைமாறுகிறது என்பது இரு தரப்புக்கும் ஒன்றாகப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. தோடர் நிலத்துக்கு எவ்வளவு ஈடு தருவது என்பது பிறகு சென்னை அரசாங்கத்துக்குள்ளேயே நெடிய வழக்காக ஓடியது. சல்லிவன் மலைக்குக் கொண்டுவந்த காய்கறிகளும் பழமரங்களும் தழைத்தன. அவர் கணக்கில் வராத செலவு ஒன்றும் இருந்தது. 1838இல் மனைவியையும் மகளையும் ஊட்டியிலேயே புதைத்தார். 1841இல் இந்தியாவை விட்டே போய்விட்டார். கல் பங்களா இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

கொடைக்கானலின் தொடக்கம் வேறு மாதிரி. அங்கே மயக்கத்துக்கு முன்னால் சாவு நின்றது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் வாந்திபேதிக்கும் ஒருவர் பின் ஒருவராகப் பலியானார்கள். குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும் என்று முதலில் திண்டுக்கல்லுக்கு அருகே சிறுமலையைப் பிடித்தார்கள். மதுரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற மலை, கைக்கு எட்டுகிற தூரம். ஆனால் சிறுமலையில் காய்ச்சல் காத்திருந்தது. வெயிலுக்கு ஒதுங்கப் போனவர்கள் குளிர்சுரத்தோடு இறங்கி வந்தார்கள். திறந்து பார்த்தபோது முத்தில்லாத சிப்பி அது.

பிறகுதான் பழனி மலையின் உச்சிப் பக்கம் திரும்பினார்கள். அங்கே சர்வேயர் வார்டு 1821இலேயே அளந்துவிட்டுப் போயிருந்தார். மதுரைத் துணைக் கலெக்டர் ராட்டன் 1834இல் ஏறி, செண்பகனூர்ப் பக்கம் ஒரு சிறு பங்களா கட்டியிருந்தார். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836இல் வந்து செடி சேகரித்திருந்தார். சிறுமலையில் சுட்டுக்கொண்ட மிஷனரிகள் இம்முறையும் காத்திருக்கவில்லை. 1845 ஜூனில் ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடுகள் எழும்பின. கொடைக்கானல் என்கிற ஊர் அந்த இரண்டு வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் அந்தக் காலத்துக் கொசுக் காய்ச்சல் ஏறிவரவில்லை. இந்த முறை சிப்பிக்குள் முத்து இருந்தது. அதைக் கேள்விப்பட்டு மதுரை நீதிபதியும் கலெக்டரும் கத்தோலிக்கப் பாதிரிமார்களும் பின்னாலேயே வந்து இடம் பிடித்தார்கள். நீதிபதி பெய்ன்ஸ் கட்டிய பங்களாவை ஏசு சபையின் லூயி சேன் சீர் பாதிரியார் வாங்கி, செப்பனிட்டு, ‘லா பிராவிடன்ஸ்’ என்று பெயர் மாற்றிக் குருமார்களின் ஓய்வு இல்லமாக்கினார். கட்டியவரே குடியிருந்து கழிப்பது மலைவீடுகளின் தலையில் எழுதியிருக்கவில்லை.

‘இரண்டு வீடு’ என்று எளிதாக எழுதிவிடலாம். அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வது எப்படி? மலைக்கு ரயில் கிடையாது, சாலை கிடையாது. மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை போக வேண்டும். அங்கிருந்து பன்னிரண்டு மைல் ஒற்றையடி மலைப்பாதை. குதிரைக்காரர் குதிரையில், நடக்க முடிந்தவர் நடையில். மற்றவர்கள் மூங்கில் கட்டிய நாற்காலியிலோ டோலியிலோ. கூலியாட்கள் முறை மாற்றி முறை மாற்றித் தோள் கொடுப்பார்கள். துரைசானி ஏறினாள், பிள்ளைகள் ஏறினார்கள், கட்டில், கண்ணாடி, அடுப்பு, பீங்கான் எல்லாம் ஏறின. எல்லாம் மனிதர் தலையில். அந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர் வந்துவிட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் ஒவ்வொன்றாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியைத் தூக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ரயில் வந்த பிறகு தூத்துக்குடிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே தூரம் சட்டென்று சுருங்கியது. 1876இல் தென்னிந்திய ரயில்வே மதுரையைத் தாண்டித் தூத்துக்குடி வரை வந்து கடலைத் தொட்டது. கடற்கரையில் வண்டி ஏறினால் அம்மையநாயக்கனூரில் இறங்கலாம். கொடைக்கானல் ரோடு என்று இன்று எழுதியிருக்கிற நிலையம் அதுதான். அங்கிருந்து பழைய கதையே: மாட்டு வண்டி, தோப்பு, கூலி காட். மோட்டார் ஏறுகிற சாலை முடிய இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்து ஆகிவிட்டது. திட்டம் போட்டது மேஜர் லா. அதனால் அது லாஸ் காட் சாலை.

சொந்தக்காரர்கள் வந்தபோது மலை காலியாகக் கிடக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வில்பட்டியிலும் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் குன்னுவர்கள் படிக்கட்டு வயலில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். காட்டுக்குள் பளியர்கள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தார்கள். புலையர் குடிகளும் இருந்தன. இவர்கள் யாருக்கும் அது ‘இரண்டாவது வீடு’ அல்ல. வந்தவர்களுக்கோ மலை அப்படியே இருப்பதும் பிடிக்கவில்லை. 1852இல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார். விறகுக்கு ஆகும், சீக்கிரம் வளரும் என்ற நல்ல எண்ணம்தான். சோலையும் புல்வெளியுமாக இருந்த மேட்டில் அவை எவ்வளவு தூரம் பரவின என்பதை வனத்துறை இன்றைக்கும் வெட்டி வெட்டிக் கணக்குப் பார்க்கிறது. மதுரைக் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். ஓய்வு பெற்றதும் அங்கேயே குடியேறினார். இன்றைக்குக் கொடைக்கானல் என்றால் கண்முன் வருகிற அந்த நட்சத்திர ஏரி, ஓய்வுக்கு ஊர் பார்த்துவைத்த ஒரு கலெக்டரின் கைவேலை.

மலைச் சபலத்தின் உச்சம் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் தூத்துக்குடியிலிருந்து கடலைத் தாண்டிப் போக வேண்டும். இலங்கைக்கு வேட்டையாட வந்த இளம் ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கருக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டது. 1847ஐ ஒட்டி, வைத்தியர் சொன்னபடி நுவரெலியாவுக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கினார். உடம்பு தேறியது. பதினைந்து நாள்! அந்தப் பதினைந்து நாளை வைத்துக்கொண்டு, இந்த மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். ஊருக்குத் திரும்பி, பண்ணைக்காரர், கொல்லர், குதிரைக்காரர், வேட்டை நாய்கள், உயர்சாதிப் பசு, செம்மறி ஆடுகள், கோச்சு வண்டி எல்லாவற்றையும் சேர்த்தார். 1848இல் அவற்றை ஏற்றிக்கொண்டு ‘ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக்’ என்ற கப்பல் புறப்பட்டது.

ஏக்கர் ஒரு பவுன் என்று அரசாங்கத்திடம் நிலம் வாங்கினார். பிறகு வந்தது வரிசையாக வந்தது. புத்தம் புதுக் கோச்சு வண்டியைக் குடிபோதையில் ஓட்டிவந்த குதிரைக்காரர் மலைப்பாதையில் பள்ளத்தில் தள்ளினார். உதவிக்கு அனுப்பிய யானையை அவரே மூச்சுமுட்ட விரட்டிச் சாகடித்தார். பசு மலை ஏறும் வழியிலேயே விழுந்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. மண்ணுக்கு உரம் போட்டுப் போட்டுத்தான் பயிர் என்பது நிலம் வாங்கிய பின்னர் தெரிந்தது. பேக்கர் அசரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணையை ஒரு வழியாக நிமிர்த்தினார், நடந்ததையெல்லாம் சிரித்துக்கொண்டே புத்தகமாக எழுதினார். ஆனால் 1855இல் கிளம்பிவிட்டார். பிறகு ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடி அலைந்து, 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர் அவர்தான். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர் நிரந்தரக் கிராமம் கட்ட ஆசைப்பட்டது வேடிக்கை. மலைவீடு வாங்குகிறவர்களில் இந்த ரகம் இன்றும் உண்டு. புரோக்கர்களுக்கு அவர்களை நன்றாகத் தெரியும்.

கடல் இதைவிடப் பெரிய சபலக்காரர்களையும் பார்த்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 1905ஆம் ஆண்டுச் சலாபம் எல்லாக் கணக்கையும் உடைத்தது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி, அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய். அந்த ஒரு நல்ல ஆண்டைப் பார்த்துவிட்டு லண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனி சேர்த்து, 1906 முதல் இருபது ஆண்டுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று பார்களைக் குத்தகை எடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டு தேறியது. அதற்குப் பிறகு பார்களில் குளிக்கத் தக்க சிப்பியே இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. தூத்துக்குடி முதியவர் யாரையாவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இந்தக் கரையில் 1822இலும் 1830இலும் நல்ல சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு 1860 வரை, முப்பது ஆண்டு, கடல் கையை விரித்தது. நீரோட்டம் மாறும், மணல் மூடும், திருக்கை வந்து குஞ்சுச் சிப்பியைத் தின்றுவிடும். ஒரு வருடத்துக் கடலைப் பார்த்து இருபது வருடத்துக்கு விலை பேச இந்தக் கரையில் பிறந்தவர் துணியமாட்டார்.

மலையிலும் அதே கணக்குத்தான். ஏப்ரல், மேயில் பார்க்கிற கொடைக்கானல் ஒன்று. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை அடித்து, நாள்கணக்காக மேகம் இறங்கி வீட்டுக்குள்ளேயே புகுந்து, சுவரில் பூஞ்சை பூத்து, மெத்தையைத் தொட்டால் ஈரம் ஒட்டுகிற கொடைக்கானல் வேறொன்று. வாங்குகிறவர்களில் அநேகம் பேர் முதலாவதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டாவதோடு குடித்தனம் நடத்துகிறவர் காவலுக்கு வைத்த உள்ளூர்க்காரர்.

பேக்கரின் நுவரெலியாவுக்குத் தூத்துக்குடி வழியாகவே வேறொரு கூட்டம் போனது. அவர்கள் யாரும் காட்சியில் மயங்கிப் போகவில்லை. இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போட்டபோதும், 1869இல் தொடங்கிய இலைநோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தபோதும், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் மலைக்குப் போனவர்கள் லட்சக்கணக்கு. தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு கொழும்புக் கப்பல் ஏறத் துறைமுகத்தில் வரிசை நின்றது. ஊருக்கு மேற்கே தட்டப்பாறையில் அவர்களை நிறுத்தி நோய் பார்க்க முகாம் இருந்தது. மலையில் அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம்: நீள வரிசையில் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் ஒரு குடும்பம். மாதக் கடைசியில் கங்காணிக் கணக்கு. சொந்த ஊருக்கு என்றைக்காவது திரும்புவோம் என்று நினைத்ததால் அவர்களுக்கும் அது இரண்டாவது வீடுதான். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, எது முதல் வீடு என்ற கேள்வியையே அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. மலையிலிருந்து இறங்கி, கடலைக் கடந்து, இன்னொரு மலைக்கு. சல்லிவன் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்த அதே மலைக்கு.

அக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்தவர்களில் எதிர்த் துருவமாக ஒரு குடும்பமும் இருந்தது. இலங்கைத் தமிழரின் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் தவத்துக்கும் தனிமைக்கும் கொடைக்கானலை நாடினார். அவருடைய மனைவி லீலாவதி பிறப்பால் வெள்ளைக்காரர். இந்து சமயத்துக்கு வந்தவர். கணவர் காலமான பிறகு, 1936இல் அவர் கட்டிய கோயில்தான் குறிஞ்சி ஆண்டவர் கோயில். பிற்பாடு அது பழனிக் கோயில் நிர்வாகத்துக்குப் போனது. மலையில் வீடு கட்டியவர்களின் நெடிய பட்டியலில், மலைக்குரிய கடவுளுக்கும் ஒரு வீடு வேண்டும் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால், மேகம் இல்லாத நாளில், பழனிப் பக்கத்துச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் வீடுகள் கைமாறின. மில் முதலாளிகள், நகரத்து வியாபாரிகள், சினிமாக்காரர்கள், பிறகு வெளிநாட்டில் சம்பாதித்தவர்கள். மூங்கில் நாற்காலியின் இடத்துக்குக் கார் வந்தது. ஒரு நாள் காலையில் தூத்துக்குடியில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றானபோது, பார்த்தவுடன் வாங்குகிற ஆசைக்கு இருந்த ஒரே தடையும், அதாவது அந்தப் பன்னிரண்டு மைல் ஏற்றமும், போய்விட்டது. சரிவுகளில் அடுக்கு அடுக்காகக் கட்டடம் ஏறியது. அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைத்தது. கொடைக்கானலுக்கு 1993இல் முழுமைத் திட்டம் வந்தது. எந்தச் சரிவில், எத்தனை உயரம் கட்டலாம் என்பது காகிதத்தில் தெளிவாயிற்று. காகிதம் அலுவலகத்தில் இருந்தது, கட்டடம் சரிவில் எழுந்தது. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அதிகாரிகள் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்துக்கொண்டே போனார்கள். வாங்கியவர்களில் சிலருக்குத் தாங்கள் வாங்கிய சிப்பிக்குள் என்ன இருந்தது என்பது அந்த அரக்கு முத்திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2024 மே 7 முதல் மலைக்குப் போகவே இ-பாஸ் எடுக்க வேண்டும். சொந்த வீடு இருந்தாலும் வண்டியைப் பதிந்துகொள்ளாமல் ஏற முடியாது என்ற காலம் வந்துவிட்டது.

கீழே கடற்கரையில் சலாபம் நின்றே வெகுகாலம் ஆகிவிட்டது. 1955இல் தொடங்கி 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் குளித்தார்கள். அதன் பிறகு ஏலக்காரரின் குரல் அங்கே கேட்கவில்லை.

இந்த இரண்டு முனையையும், கடலையும் மலையையும், ஒரே வாழ்க்கையில் கட்டிவைத்த மனிதர் ஒருவர் உண்டு. தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்த பெயர், ராபர்ட் கால்டுவெல். 1838இல் சென்னையில் வந்து இறங்கி, 1841இல் அங்கிருந்து நடந்தே தெற்கே புறப்பட்டவர். நேர்வழியில் வராமல் நீலகிரி ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தார். ஊட்டியில் வைத்துத்தான் குருப்பட்டம் பெற்றார். சல்லிவன் ஊரைவிட்டுப் போன அதே ஆண்டு அது. ஊட்டியைப் பார்த்த பிறகும் அவர் போய்ச் சேர்ந்தது தேரிக்காட்டு இடையன்குடிக்கு. பனையும் செம்மணலும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அங்கே தெரு போட்டார், கிணறு வெட்டினார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பாண்டியர் முத்துத் துறையைத் தேடினார். இடையன்குடியில் 1847இல் தொடங்கிய கோயில் வேலை 1880இல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டு.

1877இல் பிஷப் ஆனார். 1883இல் தூத்துக்குடிக்குக் குடிமாறினார். சாயர்புரத்திலிருந்து கல்லூரி வகுப்புகளும் அதே காலத்தில் ஊருக்குள் வந்தன. கால்டுவெல் பெயரில் அங்கே பள்ளி இன்றும் நடக்கிறது. 1889இல் தூத்துக்குடிக்கு வடக்கே சலாபத்துறையில் முத்துக் குளித்தபோது அவர் இதே ஊரில்தான் இருந்தார். எழுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த கிழவருக்கு உப்புக் காற்றும் வெயிலும் இனித் தாங்காது என்றாயிற்று. 1891 ஜனவரி கடைசியில் பதவியை விட்டு விலகிக் கொடைக்கானலுக்குப் போனார்.

மலைவாசம் ஏழு மாதம். ஆகஸ்ட் 28 அன்று அங்கே இறந்தார். கொடைக்கானலிலும் கல்லறைத் தோட்டம் இருந்தது. குளிர்ந்த மண், கூட்டாளிகள் பலர் உறங்குகிற இடம். ஆனாலும் உடலை மலையிலிருந்து இறக்கினார்கள். மோட்டார் சாலை வராத காலம். ஏற்றிவிட்ட அதே பாதை, அதே மாதிரித் தோள்கள். மலை, சமவெளி, கரிசல் எல்லாம் தாண்டிச் செம்மண் தேரிக்குக் கொண்டுவந்து, அவர் முப்பத்து மூன்று ஆண்டு கட்டிய இடையன்குடிக் கோயிலின் பலிபீடத்துக்கு அடியில் வைத்தார்கள்.